இழுத்து வைக்காத தேதிகள்

சிதம்பரத்தில் நான் வாடகைக்கு இருக்கும் அறைக்குப் பின்னால் ஒரு கிளை வாய்க்கால் போகிறது. போன வாரம் காலையில் பல் விளக்கிக்கொண்டு நின்றபோது அதில் தண்ணீர் வந்தது. பாய்ந்தெல்லாம் வரவில்லை. முதலில் சருகும் ஒரு பிளாஸ்டிக் டம்ளரும் அசைந்தன. அவற்றை முட்டிக்கொண்டு நுரையோடு கொஞ்சம் தண்ணீர், வழியில் இருந்த பள்ளத்திலெல்லாம் நின்று நிரம்பி, மறுபடி கிளம்பி, மெதுவாக வந்தது. எதிர்க்கரையில் வயல்காரர் ஒருவர் கைபேசியில் கத்திக்கொண்டிருந்தார்.

"இப்பதான்யா வருது. இன்னாது, ஒனக்குத் திங்கக்கெழமையே வந்துடிச்சா? ஒனக்கு இன்னாய்யா, மதகு மேலயே குந்திக்கினு இருக்க. இன்னிக்கு வியாழக்கெழம, எனக்கு இப்பதான் கால நனைக்குது."

வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். அவருக்குத் திங்கள், இவருக்கு வியாழன். ஆனால் மதகு திறந்தது ஒரே நாள்தான். இதை எனக்கு முதலில் சொன்னது ஒரு மனிதர். சொன்ன விதம் நினைவுக்கு வந்தது. பிறகு, சொல்லியிருக்க வேண்டிய ஓரிடத்தில் அவர் இதைச் சொல்லாமல் விட்டதும் நினைவுக்கு வந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. அன்றைக்குக் கரும்பலகையில் இருந்த தேதிகளை யாரும் இழுத்து வைக்கவில்லை!

வாயைக் கூடச் சரியாகக் கொப்பளிக்காமல் உள்ளே ஓடினேன். ஆனால் நான் என்ன செய்தேன் என்று சொல்லுமுன் அவரைச் சொல்லியாக வேண்டும்.

பெயர் வேண்டாம். ஊர்க்காரர்கள் அவரைப் "பர்மிட்டு" என்றுதான் கூப்பிட்டார்கள். படிப்பை முடித்த கையோடு நான் சேர்ந்த நில அதிர்வு சர்வே குழுவில் அவர் அனுமதி வாங்கும் ஆள். நிலத்தில் குழி போட்டுச் சிறிதாக ஒரு வெடி வைப்போம். அதிர்வு கீழே போய், பாறை அடுக்குகளில் மோதி, எதிரொலியாகத் திரும்பி மேலே வரும். வரிசையாக நட்டு வைத்த ஜியோபோன்கள் அதைக் கேட்கும். எங்கள் கோடு முந்திரிக் கொல்லை, பலாத்தோப்பு, கரும்பு வயல் என்று யாருடைய நிலத்திலும் புகுந்து போகும். எங்களுக்கு முன்னால் போய் அந்த நிலக்காரரைச் சிரிக்கவைத்து, சரி சொல்ல வைப்பது அவர் வேலை.

நாற்பதைத் தொடாத வயது. வெள்ளைச் சட்டை, செம்மண் ஏறிய செருப்பு. உடைந்த ஜியோபோன் ஒன்றின் இரும்பு முள்ளைச் சாவிக்கொத்தாக வைத்திருப்பார். எங்கே உட்கார்ந்தாலும் பேச்சோடு பேச்சாக அந்த முள்ளை எடுத்து மண்ணில் குத்தி வைப்பார். பூமி பேசுவதைக் கேட்கிறாரோ என்று ஆரம்பத்தில் எனக்கு ஒரு பிரமிப்பு இருந்தது. வெறும் பழக்கம்தான்.

எதையும் ஒரு தடவை கேட்டு நம்ப மாட்டார். இதுதான் அவர். டீக்கடையில் "சக்கர கம்மியா?" என்று கேட்பார். கடைக்காரர் ஆமாம் என்பார். கிளாசை வாங்கும்போது மறுபடி கேட்பார். குடித்துப் பார்த்துவிட்டும் கேட்பார். ஒருமுறை காடாம்புலியூர் பக்கம் ஒரு தோப்புக்கு வழி கேட்டு மூன்று பேரிடம் நிறுத்தினார். ஒருவர் வலது என்றார், ஒருவர் இடது என்றார், மூன்றாமவர் நேரே போகச் சொன்னார். "மூணையும் கூட்டிப் பார்த்தா நேராத்தான் மாப்ள வருது" என்று ஜீப்பை நேராக விட்டார். போய் ஒரு குட்டையில் இறங்கினோம். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, "தப்பு என்னுதுதான். இன்னும் ரெண்டு பேரக் கேட்டிருக்கணும்" என்றார். அவ்வளவு சிரித்த நாள் அந்தக் குழுவில் எனக்கு வேறு இல்லை.

இந்தக் குணத்தை அவர் எங்கள் ரெக்கார்டிங் வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டார். அனுமதி வேலைக்கு வருமுன் கேபிள் இழுக்கும் ஆளாக அந்த வண்டியைச் சுற்றித்தான் கிடந்திருக்கிறார். வண்டிக்குள் நாங்கள் செய்வது எளிமையான, எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும் ஒரு காரியம். ஒரு வெடியை ஒரு ஜியோபோன் கேட்டதை மட்டும் எடுத்துத் திரையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. காற்று, சாலையில் போகும் லாரி, மாடு அசைபோடுவது, முந்திரி மரம் ஆடும்போது வேர் அசைவது, எல்லாம் சேர்ந்த கிறுக்கல். அதே நிலத்தடிப் புள்ளியை வேறு வேறு வெடியால், வேறு வேறு தூரத்திலிருந்து திரும்பத் திரும்ப அளந்து, எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கூட்ட வேண்டும். ஸ்டாக் என்போம். லாரி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி உறுமும். கூட்டும்போது அந்த உறுமல்கள் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். எதிரொலி மட்டும் எல்லாத் தடவையும் அதே இடத்தில் வரும். கூடக் கூட அது எழுந்து நிற்கும். கிறுக்கலுக்குள்ளிருந்து ஒரு பாறை அடுக்கு மெல்லத் தலை தூக்குவதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்த போதை.

அவர் இதை வெளியே எடுத்துக்கொண்டு போய் மனிதர்கள் மேல் வைத்தார்.

"ஒத்த வாய் சொன்னா சத்தம். ஊரு வாய் சொன்னாத்தான் சேதி." இது அவருடைய வேதம். யாராவது வரப்பு உடைந்தது, வேலி சாய்ந்தது என்று வந்தால், வந்தவர் போனபின் எங்களிடம் திரும்பி ஒரு கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்: "சத்தம்."

ஆனால் கூட்டுவதற்கு முன் இன்னொன்று செய்ய வேண்டும். அது இல்லாவிட்டால் எல்லாம் நாசம். வெடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஜியோபோனுக்கு எதிரொலி சீக்கிரம் வரும். தூரத்தில் இருப்பதற்குத் தாமதமாக வரும். அப்படியே கூட்டினால் ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழும். நிஜமான எதிரொலிகள் ஒன்றை ஒன்று தின்றுவிடும். திரையில் கீழே ஒன்றுமே இல்லாதது போல வெறுமை இருக்கும். அதனால் ஒவ்வொரு பதிவையும் அதன் தூரத்துக்கு ஏற்றபடி இழுத்து, ஒரே நேரத்தில் கேட்டது போல வரிசைப்படுத்தி, அப்புறம்தான் கூட்ட வேண்டும்.

நான் இதைச் சூத்திரமாகப் படித்தவன். அவர் சொல்லிக் கேட்டபோதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. பெண்ணாடம் பக்கம் ஒரு கரும்புக்காரர், "நீங்க நூறு எடத்துல காத வச்சிக் கேக்குறீங்க. ஒண்ணு இப்பங்குது, ஒண்ணு அப்பங்குது. எத நம்புவீங்க?" என்று மடக்கினார். நான் சூத்திரத்தைத் தமிழ்ப்படுத்தத் திணறுவதற்குள் இவர் வரப்பில் உட்கார்ந்து, முள்ளை மண்ணில் குத்தினார்.

"மாமா, வாய்க்கால்ல தண்ணி ஓடியா வருது? நடந்துதான வருது? தலமடைக்காரனக் கேளு, திங்கக்கெழம வந்திச்சிம்பான். கடமடைக்காரனக் கேளு, வியாழக்கெழமம்பான். ஒருத்தன் பொய் சொல்றானா?"

"ரெண்டு பேரும் நெசந்தான்."

"அவன் அவன் கொல்லைக்கு எம்மாந்தூரமோ அம்மாந்தூரம் தேதிய இழுத்து வையி. மதகு தொறந்த நாளு ஒண்ணுதான் வரும். பூமியும் அப்பிடித்தான் மாமா."

கரும்புக்காரர் அவர் தோளில் தட்டினார். "படிச்ச புள்ள நிக்குது வாயப் பொளந்துக்கினு, நீ சொல்லிட்டியேய்யா" என்று என்னைக் காட்டிச் சிரித்து, கையெழுத்தும் போட்டார். அதற்கப்புறம் வாய்க்கால் கதை எல்லா ஊரிலும் வந்தது. எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்வேன்.

அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. வடலூரில் சபையில் மதியச் சாப்பாடு முடித்து நிழலில் உட்கார்ந்திருந்தோம். அவர் அப்பா சிதம்பரத்துக்குக் கிழக்கே கடைமடை விவசாயி. ஒரு வருஷம் தண்ணீர் பிந்தி நாற்று கருகியது. நாற்று கருகினவர்களையெல்லாம் கூட்டி அதிகாரிகள் ஒரு கூட்டம் போட்டார்கள். என்றைக்குத் தண்ணீர் வந்தது என்று ஆள் ஆளாகக் கேட்டார்கள். ஆளுக்கொரு நாள் சொன்னார்கள். "உங்களுக்குள்ளயே ஒத்துப்போகலையே" என்று ஒரு ஆபீசர் சிரித்தாராம். கூட்டமே சிரித்ததாம்.

"எங்கப்பா சொன்னது ஒரு நாளுகூட தப்பில்ல மாப்ள. எவனும் இழுத்து வச்சிப் பாக்கல. அதுக்கப்புறம் அவரு எந்தக் கூட்டத்துக்கும் போவல. நாங்க யாரு தேதி கேட்டாக்கூட பதில் சொல்ல மாட்டாரு."

அதோடு எழுந்து கை கழுவப் போய்விட்டார். எதையும் மூன்று தடவை சொல்லும் மனிதர் இதை ஒரே தடவைதான் சொன்னார். அவருடைய வேதப்படி பார்த்தால் இதுவும் சத்தம்தான்.

கஸ்தூரி அக்காவிடம் அவர்தான் என்னை அழைத்துப் போனார். காடாம்புலியூரைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். முந்திரி ஒட்டுக்கன்று போட்டு விற்பவர். பச்சை வலைக்கடியில் பை பையாகக் கன்றுகள், ஒரு ஆழ்துளைக் கிணறு, ஒரு மோட்டார். கணவர் இல்லை, மகள் அப்போது கடலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வண்டி போக வழி விட வேண்டுமென்றால் கன்றுகளை நகர்த்த வேண்டும். "ஆளு வச்சி நவுத்திக்கங்க" என்று எங்கள் மேற்பார்வையாளர் சொன்னபோது இவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். ஒவ்வொரு பையையும் கைக்குழந்தை மாதிரி அடியில் ஏந்தி, அவரே நகர்த்தினார். என்னையும் நகர்த்த வைத்தார். "ஒட்டு ஆடிடப் போவுது மாப்ள, பாத்து." அக்கா அன்றைக்கே அவரைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

கோடு நகர்ந்தது. மழை வந்தால் நின்றது, ஒரு தோப்புக்காரர் மறுத்தால் நின்றது, பின்பு நகர்ந்தது. கொல்லை கொல்லையாக வயரை விரிப்போம், வெடிப்போம், சுருட்டுவோம், அடுத்த கொல்லை.

கொஞ்ச நாளில் அக்கா எங்கள் கூடாரத்துக்கு வந்தார். கையில் ஒரு சொம்புத் தண்ணீர். அடியில் களிமண் படிந்திருந்தது.

"தம்பி, கலங்கலா வருதுப்பா. மோட்டாரு மண்ணுத் திங்குது."

"மழத் தண்ணியா இருக்கும்க்கா. ரெண்டு நாளு ஓட்டி வுடு, தெளிஞ்சிடும்."

அக்கா போனார். பர்மிட்டு எங்கள் பக்கம் திரும்பி ஒரு கண்ணை மூடவில்லை. அதை நான் கவனித்தேன். "சத்தம்" என்று மட்டும் சொன்னார், முள்ளைப் பார்த்துக்கொண்டு.

தெளியவில்லை. மோட்டார் இறுகி நின்றது. தண்ணீர் இல்லாத கன்றுகள் ஒட்டுக்கு மேலே கருகின. பிறகு பக்கத்துக் கொல்லை அந்தோணி அண்ணன் வந்தார். அதற்கப்புறம் முருகேசன் வந்தார், இன்னும் சிலர் வந்தார்கள். ஊர் கொதித்தது. வேலை நின்றது. பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்றார்கள்.

எனக்கு அந்த வகுப்பறை அப்படியே நினைவிருக்கிறது. சர்வே என்றால் என்ன என்று படம் காட்டுவது என் வேலை, காட்டி முடித்து ஓரமாக நின்றேன். மேசைக்குப் பின்னால் எங்கள் அதிகாரிகள். கரும்பலகைக்குப் பக்கத்தில் சாக்பீசோடு அவர்.

"அக்கா, மொதல்ல நீ. என்னிக்குக் கலங்கிச்சி? தேதி சொல்லு."

"ஆடி ரெண்டாம் வெள்ளி கூழு ஊத்துனோம். மறுநாளு சனிக்கெழம."

எழுதினார். "அந்தோணி மாமா, ஒனக்கு?"

"ஆவணி பொறந்திடிச்சி. செவ்வாக்கெழம."

எழுதினார். "செவ்வாக்கெழமதானா? நல்லா யோசிச்சி சொல்லு."

"செவ்வாக்கெழமதாம்பா!"

"முருகேசன் மச்சான்?"

"புள்ளையார் சதுர்த்திக்கு ஒரு நாளு முந்தி."

ஒவ்வொருவரையும் கேட்டார். தன் வழக்கப்படி ஒவ்வொருவரையும் மறுபடியும் கேட்டார். யாருமே மாற்றவில்லை. அத்தனை பேரும் தங்கள் நாளில் உறுதியாக நின்றார்கள். பலகை நிறைந்ததும் இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"ஒரே வெடி. ஆளுக்கொரு தேதி." அன்பாகத்தான் சொன்னார். "பூமிக்குள்ள வெடிச்சது இன்னா தபாலா, ஊடு ஊடாப் போயிக் குடுக்க?"

ஊரே சிரித்தது. தண்ணீர் கலங்கியவர்களும் சிரித்தார்கள். கஸ்தூரி அக்கா எழுந்து, "இருப்பா, நீங்க எங்க கொல்லைக்கு வந்ததே..." என்று தொடங்கினார்.

"அக்கா, தேதிய மாத்துறியா?"

"நான் ஏம்ப்பா மாத்தறேன்? வேற யாரோ மாத்திச் சொல்றாங்க."

அந்தோணி அண்ணனுக்கு அது சுருக்கென்று தைத்தது. "யாரு மாத்துனது? ஆடியிலயே கலங்கிச்சின்னா அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே? பக்கத்துக் கொல்லதான?"

"ஒன் கெணறு கலங்குற வரைக்கும் எங்கிணத்த நீ எட்டிப் பாத்தியா?"

அவ்வளவுதான். அதிகாரிகள் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. ஊர் தனக்குள்ளேயே கூட்டி, தன்னையே அழித்துக்கொண்டது. அறிக்கையில் தொடர்பு இல்லை என்று முடிந்தது. கோடு மறுபடி நகர்ந்தது. அவர் சாக்பீஸ் தூளை வேட்டியில் தட்டாமல் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்தேன். மிகவும் சுத்தமாகத் துடைத்தார்.

இப்போதுதான் யோசிக்கிறேன். ஆமாம், வீடு வீடாகத்தான் போனோம்! தபால்காரர் மாதிரி, கொல்லை கொல்லையாக, வேறு வேறு நாளில். ஒரே வெடி இல்லை. ஒவ்வொரு கொல்லைக்கும் அதனதன் வெடி, அதனதன் நாள். அந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று வாய்க்கால் கதை சொன்னவருக்கா தெரியாது? ஊர்க்காரர்கள் மட்டும் முன்கூட்டிப் பேசி வைத்து எல்லோரும் ஒரே தேதியாகப் பொய் சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பார்கள். நிஜத்தைச் சொன்னார்கள், அதுவும் நாள் பிசகாமல். அதனால் தோற்றார்கள்.

அந்த வேலையை விட்டு மேற்படிப்புக்குச் சிதம்பரம் வந்துவிட்டேன். அவர் பதவி உயர்ந்து வேறு மாநிலத்துக்குப் போனார் என்று கேள்வி.

வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்றைக்கு, வாய் நுரையைத் துடைத்துக்கொண்டு முதலில் கஸ்தூரி அக்காவைத்தான் அழைத்தேன்.

"அக்கா, உங்க கொல்லையில நாங்க வெடிச்சி, வயரச் சுருட்டிக்கிட்டுப் போனது என்னிக்கு?"

"கூழுக்கு முந்தின நாளு. வியாழக்கெழம. பானைக்கு மஞ்ச பூசிக்கிட்டிருந்தேன், நீங்க சுருட்டிக்கிட்டிருந்தீங்க. ஏன் தம்பி?"

வியாழனன்று சுருட்டினோம், சனியன்று கலங்கியது. நடுவில் ஒரு நாள். அந்தோணி அண்ணனை அழைத்தேன்.

"ஞாயித்துக்கெழம. பூச முடிஞ்சி வரேன், கடைசி வயர வண்டியில ஏத்துறீங்க. ஞாயித்துக்கெழமகூட வேல செய்றானுங்களேன்னு திட்டினேன், ஒனக்கு ஞாபகம் இல்ல?"

ஞாயிறு, செவ்வாய். அங்கேயும் நடுவில் ஒரு நாள்.

இரண்டு பதிவு ஒரு ஸ்டாக் ஆகாது. தற்செயலாக இருக்கலாம். வெடி வைத்ததற்கும் கலங்கியதற்கும் நடுவில் அந்த ஒரு நாள் ஏன் என்பதும் எனக்குத் தெரியாது. மண்ணுக்குள் நடப்பதைப் பற்றி நான் யூகிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது, அதற்கான பதிலும் அத்தனை பேர் நினைவிலும் இருக்கிறது. அது போதும் கிளம்ப.

அதுவும் சீக்கிரம் கிளம்ப வேண்டும். அக்கா கடைசியாகச் சொன்ன செய்தி அப்படி: புதுக் கோடு ஒன்று வருகிறதாம். நட்ட குச்சியில் ஆரஞ்சு நாடா பறக்கிறது, அவர் மகளின் சம்பளத்தில் இந்த வருஷம் போட்ட புதுக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே. கன்றுகள் மறுபடி தளிர்த்திருக்கின்றன. அனுமதி கேட்டு ஆள் வரப்போகிறது. ஊரில் கூடிப் பேசலாமே என்றேன்.

"அந்தோணி வந்தா நான் வரல" என்றார் அக்கா. அண்ணனிடமும் கேட்டிருந்தேன். "அந்தம்மா இருக்கற எடத்துல எனக்கு இன்னா வேல?" என்றார். அன்றைய கூட்டத்துக்குப் பிறகு இருவரும் பேசுவதில்லை. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஒருவர் மற்றவரைப் பொய்யர் என்று நினைத்தபடி, உண்மை பேசிய இரண்டு பேர்.

அப்புறம் வாய்க்கால் கதை சொன்னவரை அழைத்தேன். எடுப்பார் என்று நினைக்கவில்லை.

"இன்னா மாப்ள, உசுரோட இருக்கியா?"

எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"ரெண்டு பேருகிட்டதான் கேட்டியா? ரெண்டு பத்தாது."

"அண்ணா, அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"வாய்க்கா கத யாரு சொன்னது? நீயா சொன்ன?"

"அப்ப ஏன் இழுத்து வைக்கல?"

"இழுத்து வச்சா அடுத்த கொல்லைக்காரன் வுடுவானா? எனக்கு வேல என்ன?" சிரிப்பு மாதிரி ஒன்று. "எங்கப்பனுக்கு எவன்டா இழுத்து வச்சான்?"

கோபத்தில் எதையாவது சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. அப்பாவைப் பற்றி அவர் இரண்டாவது தடவையாகச் சொல்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அந்த லைனுக்குப் புதுப் பையன் ஒருத்தன் வருவான்" என்றார். "நான் சொல்லிக் குடுத்தவன். எதுனா பெராதுன்னு கெளம்புனா, மொதக் கேள்வியே தேதிதான் கேப்பான். அவன் கேக்கறதுக்கு முன்னால நீ கேட்டுடு."

வைத்துவிட்டார். உதவியா, நக்கலா? மூன்று தடவை கேட்கும் மனிதர் மூன்று தடவை சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. இன்னொரு தடவையும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்குப் போகிறேன். கூட்டம் கூட்டப்போவதில்லை, கரும்பலகையும் கிடையாது. பதிவுகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று எங்கள் முறை கேட்பதில்லை, ஒன்றோடு ஒன்று பேச வேண்டும் என்றும் கேட்பதில்லை. ஒவ்வொன்றையும் அது நின்ற இடத்திலேயே கேட்டுக்கொண்டால் போதும். கோடு நுழைந்த முதல் கொல்லையில் தொடங்கி, வயர் போன வழியிலேயே, வீடு வீடாகப் போவேன், தபால் மாதிரி. வரிசை கூடி வராவிட்டால் கூடி வரவில்லை என்று அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். கூடி வந்தால், அந்தோணி அண்ணன் சொன்னதை அக்காவிடமும், அக்கா சொன்னதை அண்ணனிடமும் முதலில் சொல்ல வேண்டும். புதுப் பையனுக்கும் அதிகாரிகளுக்கும் அதற்கப்புறம்தான்.

யாரிடமும் தேதி கேட்க மாட்டேன். அக்காவுக்கு மஞ்சள் பூசிய பானை சொன்னது போல, செய்த வேலையே நாளைச் சொல்லிவிடும். வேலிக்கு வெளியே நின்றபடியே கேட்பேன்: "உங்க கொல்லையில வயரச் சுருட்டுன அன்னிக்கு நீங்க என்ன செஞ்சிக்கிட்டிருந்தீங்க?"